பெரட்டுக்கு வராதவர்கள்

பங்சாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர் கொஞ்சம் தயங்கினார். "பெரட்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமா, ஐயா?" என்று கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடியும் முன், இருட்டு விலகாத நேரத்தில், ஆபீசுக்கு எதிரே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். வெள்ளைக்காரனின் பரேடு தோட்டத்து வாயில் பெரட்டு ஆகிவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழுந்தால்தான் கூலி. செக்ரோலில் பெயர் இல்லாதவன் அந்தத் தோட்டத்திலேயே இல்லாதவன்.

இன்று நான் பேச வந்தது ஒரு சின்ன அருங்காட்சியகத்தைப் பற்றி. தாய்லாந்தில், காஞ்சனபுரி என்ற ஊரில், ஆற்றங்கரைக் கோயில் வளாகத்தில், மூங்கிலும் ஓலையுமாக நிற்கும் ஒரு நீளக் கொட்டகை. அதைப் பற்றிப் பேசுவதற்குப் பங்சாரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று தெலாவித் தெருக்களில் காப்பிக் கடை இல்லாத மூலை இல்லை. இந்த மேடெல்லாம் ஒருகாலத்தில் பால்மரம். பெல்ஜியத்துக்காரர் எடுவார் புங்கே, அல்பிரெட் கிரிசார் ஆகிய இருவர் பெயரையும் சேர்த்துப் புங்கே-கிரிசார் தோட்டம் என்றார்கள். அது நாக்கில் தேய்ந்து பங்சார் ஆயிற்று. ஆக, நாம் முகவரி எழுதும்போதெல்லாம் இரண்டு முதலாளிகளின் பெயரைச் சேர்த்து எழுதுகிறோம். மரத்தைச் சீவியவர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை.

இந்தத் தோட்டம் சாக்பின் நிறுவனத்தோடு சேர்ந்தது. பழைய தோட்டக்காரர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அதே சாக்பினில் வேலை பார்ப்பதற்காக 1936-இல் பியேர் பூல் என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்தார். பொறியியல் படித்தவர். சில ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில், நம்மவர்கள் நடுவில் இருந்தார். போர் வந்தது. அவர் இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறை சென்றார், தப்பினார், ஊர் திரும்பினார். 1952-இல் ஒரு நாவல் எழுதினார். அதுதான் 'குவாய் ஆற்றுப் பாலம்'. 1957-இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். ஏழு ஆஸ்கார் விருதுகள். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பானியர் போரின்போது போட்ட ரயில் பாதையில் செத்துப்போன மலாயாத் தமிழன் அந்தக் கதையில் இல்லை. அது பிரிட்டிஷ் அதிகாரியின் பிடிவாதத்தைப் பற்றிய கதை. பூல் கதை எழுதினார், வரலாறு எழுதுவதாகச் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தோட்டத்துப் பெரட்டைப் பார்த்த ஒருவர் எழுதிய அந்தக் கதைதான், அந்தப் பாதையைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருக்கும் கதையாகிவிட்டது. அந்தக் கதையின் பலம் எவ்வளவு தெரியுமா? நிஜப் பாலம் நின்ற இடத்தில் ஓடியது மே குலோங் ஆறு. படம் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டார் எல்லோரும் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்டுத் துளைத்ததில், 1960-களில் ஆற்றின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு படத்துக்காக ஆறு பெயர் மாறியது. பாதை போட்டவர்களுக்கு இருந்த பெயர்களையே காணோம்.

நான் காஞ்சனபுரிக்குப் போனது ரயிலில். பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் ஏறினால் மூன்றாம் வகுப்பு மரப்பலகை இருக்கை, திறந்த சன்னல், வெயில். நோங் பிளாடுக் என்ற சந்திப்பில் பாதை பிரிகிறது. பெயர்ப்பலகை கடந்துபோன அந்த நிமிடத்தில் பெட்டியில் யாரும் தலை தூக்கவில்லை. எதிரே ஓர் அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் தொடங்கியது அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை: நோங் பிளாடுக்கிலிருந்து மூன்று பகோடாக் கணவாய் வழியாகப் பர்மாவின் தான்பியூசயாட் வரை.

காஞ்சனபுரி நிலையத்துக்கு அருகிலேயே போர் இடுகாடு இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 7,000 பேர். 5,084 பேர் பிரிட்டிஷ் காமன்வெல்த்தைச் சேர்ந்தவர்கள், 1,896 பேர் டச்சுக்காரர்கள். புல்லை வெட்டி, பூச்செடி வைத்து, அப்படி ஓர் ஒழுங்கு. ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி, கீழே வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. இருபத்திரண்டு வயது, இருபத்து நான்கு வயது. படித்துக்கொண்டே போனால் நெஞ்சு அடைக்கிறது. யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன?

அங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் காலரா வந்து, பிணங்களை எரித்தார்கள். சுமார் 300 பேரின் சாம்பலை அந்த இரண்டு குழிகளில் வைத்திருக்கிறார்கள். சாம்பலில் யார் எவர் என்று பிரிக்க முடியாதுதான். ஆனாலும் அவர்களுடைய பெயர்களைப் பலகையில் பொறித்து மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "நம்மவர்களைக் காலராவில் எரித்துவிட்டார்கள், அதனால்தான் கல்லும் இல்லை, பெயரும் இல்லை" என்று நம் வீடுகளில் சமாதானம் சொல்வதுண்டு. எரித்தாலும் பெயர் எரிவதில்லை. அதை யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதி வைத்தார்கள். போர்க்கைதி முகாம்களில் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் கையில் ஆட்பட்டியல் இருந்தது. யார் எந்த நாளில், எந்த நோயில், எந்த முகாமில் செத்தான் என்று கிடைத்த காகிதத்தில் எல்லாம் குறித்தார்கள். ஜப்பானியர் கண்ணில் பட்டால் அடி உதை. மூங்கில் குழாய்க்குள் ஒளித்தார்கள். செத்தவனோடு சேர்த்துக் குழியில் புதைத்தும் வைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு சிறு குழு அந்தக் காகிதங்களோடு பாதை நெடுகிலும் போய் 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடையாளம் கண்டது. அந்தக் குழு தேடிப் போனது தன் பட்டியலில் இருந்தவர்களை. நம்மவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி அந்தக் கொட்டகைக்கு வருகிறேன்.

வாட் சாய்சும்போன் என்ற பௌத்த கோயில். 1977-இல் அக்கோயிலின் தலைமைத் துறவி, போர்க்கைதிகள் படுத்துக் கிடந்த கொட்டகையின் மாதிரியைக் கட்டி, அதற்குள் படங்களையும் பொருள்களையும் வைத்தார். ஓலைக் கூரை, இருபுறமும் மூங்கில் பரண், நடுவே மண் நடை. பரணுக்கு மேலே ஓவியங்கள், மங்கிய புகைப்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள். ஆற்றிலிருந்து காற்று வருகிறது, பக்கத்தில் கோயில் மணி கேட்கிறது. குளிரூட்டி இல்லை, ஒலி வழிகாட்டி இல்லை, கண்ணாடிப் பெட்டிகளின் பளபளப்பு இல்லை. நான் பார்த்த போர் அருங்காட்சியகங்களில் எனக்குப் பிடித்தது இதுதான் என்பதைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன்.

அதன் பெயர் ஜீத். ஐந்து ஆங்கில எழுத்துகள். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து. முதல் எழுத்தை மாற்றிப் போட்டால் மரணம் என்று பொருள்படும். புத்திசாலித்தனமான பெயர். வாசலில் நின்று அந்தப் பெயரை எழுத்துக் கூட்டினேன். மலாயா இல்லை. பர்மா இல்லை. ஜாவா இல்லை. பாதை போட்ட போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்கு. இரண்டு லட்சத்தை நெருங்கும் என்பார்கள். இறந்தவர்கள் 90,000 வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதாவது கைதிகளில் ஐந்து பேருக்கு ஒருவர், நம்மவர்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒருவர். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மதிப்பீடு என்கிறேன், கவனியுங்கள். கைதிகளுக்குக் கணக்கு, நமக்கு மதிப்பீடு.

துறவியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள், கடிதம் எழுதியவர்கள், பழைய பொருள் அனுப்பியவர்கள் எல்லோரும் கைதிகளும் அவர்கள் குடும்பத்தாரும்தான். வந்ததை அவர் வைத்தார். 1977-இல் நாம் என்ன அனுப்பினோம்? அந்த ஆண்டு கிள்ளானிலும் காஜாங்கிலும் கோலசிலாங்கூரிலும் சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்திருப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் நம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பசியாறியிருப்பார்கள்.

என்ன நடந்தது என்பதை இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆள் இல்லை. துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தானபோது, 1942 நடுவில் இந்த ரயில் பாதையைத் தொடங்கினார்கள். சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. அதற்கும் பிறகு, வழியில் போனவனைப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை அந்தத் தலைமுறையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரக்குப் பெட்டியில் அடைத்து நாள்கணக்கில் பயணம். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடும் போயின.

தண்டவாளமும் இங்கிருந்துதான் போயிற்று. நம் கிழக்குக்கரை ரயில் பாதையில் மெந்தகாப் முதல் கோலக்கிராய் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்தத் தண்டவாளத்தை முதலில் போட்டவர்களும் உங்கள் தாத்தாமார்களாக இருந்திருக்கலாம்.

1943 தொடக்கத்தில் வேகப்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதன் பின்னாலேயே மழை. மழையின் பின்னால் காலரா. குவாய் நொய் ஆற்றை ஒட்டித்தான் முகாம்கள். நொய் என்றால் தாய்லாந்து மொழியில் சிறியது என்று பொருள். தமிழ்க் காதில் அது எப்படி விழுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைதிகளின் முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரி இருந்தார், கக்கூஸ் வெட்டக் கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாமில் இவற்றில் ஒன்றும் இல்லை. தோட்டத்திலிருந்து தனித்தனியாகவும் குடும்பமாகவும் வந்தவர்கள், மொழி புரியாத காவலன், ஆற்றுத் தண்ணீர். நிலைமை கைமீறிய பிறகு, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் இருந்த கைதிகளிலிருந்து மருத்துவப் பணிக்கென்று இரண்டு குழுக்களை அனுப்பினார்கள். ஒன்றில் 230 பேர், மற்றொன்றில் 115 பேர். 400 கிலோமீட்டர்க் காட்டுக்கு அவ்வளவுதான். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு பக்கத்துத் தண்டவாளமும் கொங்குயித்தாவில் சேர்ந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டபோது பட்டியல் எழுதியது யார்? செக்ரோல் யார் கையில் இருந்ததோ அவர்தான். கிராணி, கண்டக்டர், மண்டோர், கங்காணி. துரை இல்லாத தோட்டத்தில் அவர்கள்தான் துரை. எதிர்த்துப் பேசுபவனை, தனிக்கட்டையை, வேண்டாதவனை முதலில் எழுதினார்கள் என்று திரும்பி வந்தவர்கள் ஆறாத கோபத்தோடு சொல்லியிருக்கிறார்கள். எழுதாவிட்டால் கிராணியின் கன்னத்தில்தான் அறை விழும் என்பதும் உண்மை. இந்த அறக்கட்டளை யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கிராணியாக இருந்தவர். அவர் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்டேன். "சொல்லுங்கள், ஐயா. அப்பாவே கடைசிக் காலத்தில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் இந்த அழைப்பை ஏற்றேன்.

ஆக, நம்மவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. போகும்போது பெயர் எழுதினார்கள். போனவன் என்ன ஆனான் என்பதை அந்தப் பெயருக்கு எதிரே குறிக்க ஆள் இல்லை. போரில் பல தோட்டங்களின் காகிதம் அழிந்தது. மிஞ்சியது கம்பெனி கைமாறியபோது, தோட்டம் துண்டாடப்பட்டபோது, கடைசியில் வீடமைப்புக்கு நிலம் போனபோது குப்பையோடு போயிற்று.

காஞ்சனபுரியில் இடுகாட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் அருங்காட்சியகமும் இருக்கிறது. தாய்லாந்து-பர்மா ரயில் பாதை மையம். 2003-இல் திறந்தது. ரோட் பீட்டி என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் வெட்டுக்கத்தியோடு காட்டில் நடந்து நடந்து, மறைந்துபோன பாதையைக் கண்டுபிடித்துத் தொடங்கியது. ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் அங்கே நேர்மையாகச் சொல்கிறார்கள். போர்க்கைதி ஒருவரின் பேரன் போய்ப் பெயரைச் சொன்னால், தாத்தா எந்த முகாமில் இருந்தார், எப்போது இடம் மாறினார் என்று தேடித் தருகிறார்கள். நான் யார் பெயரைச் சொல்லிக் கேட்பது? ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள தனியார் காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போகிறார்கள். 1990-இல் அந்த ஊரில் வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றுக்கும் பெயர் இல்லை.

பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத் தூண். 1944 பிப்ரவரியில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜப்பான் ராணுவம் கட்டியது. தங்கள் கீழ் வேலை செய்து செத்தவர்களுக்கு அஞ்சலியாம். அதன் கல்வெட்டுப் பலகைகளில் பல மொழிகள் உண்டு. தமிழும் உண்டு. அதைக் கண்டபோது என்ன உணர்ந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஊரெல்லாம் தேடி அலைந்த தமிழெழுத்தை, கொன்றவன் எழுதி வைத்த கல்லில் பார்த்தேன். வெயிலில் நின்று வாசித்தேன். நம் பக்கத்திலிருந்து ஒரு கல் போய்ச் சேர அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. அண்மையில்தான் மலேசியத் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். போரில் பட்டவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். ஆனால் நடுகல்லில் பட்டவன் பெயரும் அவன் ஊரும் இருக்கும். அது ஆயிரக்கணக்கானோருக்குச் சேர்த்து வைத்த ஒரே கல்.

ஏன் இவ்வளவு நாள் ஆனது? வறுமை, படிப்பில்லை, அரசியல் பலம் இல்லை என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரிதான். இன்னொன்றும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் நேதாஜி படம் இருந்தது. அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களை மேடையேற்றி மாலை போட்டோம். போட வேண்டியதுதான். சயாமுக்குப் போவதிலிருந்து தப்புவதற்காகவே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த இளைஞர்கள் உண்டு. அந்தப் படை பர்மாவுக்குப் போனதும் இதே பாதையில்தான். தண்டவாளத்தின் மேல் போனவனுக்கு மாலை, தண்டவாளத்தைப் போட்டவனைப் பற்றிப் பேச்சில்லை. துப்பாக்கி பிடித்தவன் கதையில் பெருமை இருக்கிறது. பிடிபட்டு, அடி வாங்கி, கழிச்சலில் செத்தவன் கதையில் நமக்குப் பெருமை தெரியவில்லை. கூச்சமாக இருந்தது. எழுத்தாளர்கள் அந்தக் கூச்சத்தைக் கடந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் வந்தன. அரசு மட்டத்தில் நடந்தது இது: 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் போர்க்காலத் துயரங்கள் குறித்து உடன்படிக்கை செய்து, இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. கப்பலுக்குப் பெயர் வைத்தார்கள்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் நான் உங்களிடம் எதையும் கேட்க முடியாது.

ஜீத் கொட்டகையில் வருகையாளர் ஏடு ஒன்று இருந்தது. டச்சு, ஆங்கிலம், ஜப்பானிய எழுத்துகள். "என் தாத்தாவுக்காக" என்று எழுதிக் கீழே தாத்தாவின் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்கள். நானும் பேனாவை எடுத்தேன். என் தாத்தாவின் தம்பி, கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1943-இல் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவரைச் சயாம் தாத்தா என்போம். பேனா ஏட்டின் மேல் நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அறுபது வயதைத் தாண்டி, ஊர் ஊராகப் போய் வரலாறு பேசுகிற ஆள், சொந்தச் சின்னத் தாத்தாவின் பெயர் தெரியாமல் நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் நேரே கிள்ளானுக்குப் போனேன், பெரிய அத்தை வீட்டுக்கு. சயாம் தாத்தா போனபோது அத்தைக்கு ஏழு வயது. காது மந்தம், நினைவு கூர்மை.

"அத்தே, சயாம் தாத்தா பேரு என்ன?"

"சித்தப்பா."

"அது நீங்க கூப்பிட்டது. பேரு?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "தெரியாதே தம்பி" என்றார். "அப்பா தம்பின்னு கூப்பிடுவாரு. அம்மா கொழுந்தன்னு சொல்லுவா. நாங்க சித்தப்பா. பேரு சொல்லி யாரு கூப்பிட்டா?"

நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மனைவி சொல்லவே மாட்டாள். அந்த மனிதரின் பெயரை வாய்விட்டு, சத்தமாக, தினமும் சொன்ன இடம் உலகத்தில் ஒன்றுதான். பெரட்டுக்களம்.

சின்னப் பாட்டியைப் பற்றி அத்தை சொன்னார். நாள் தெரியாததால் திதி கிடையாது. பொட்டை அழிக்கவும் இல்லை. சண்டை முடிந்து தோட்டம் மறுபடி ஓடத் தொடங்கியபோது, வேலைக்குப் பேர் போடப் பாட்டி போனார். கூடவே அத்தையும். புதுக் கிராணி, புருஷன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லமாட்டேன்னுட்டா தம்பி. அவரு விடல. அப்புறம் தலையக் குனிஞ்சிக்கிட்டு, 'பழநியில நிக்கிறவரு பேரு'ன்னா. கிராணி சிரிச்சிக்கிட்டே எழுதினாரு."

"என்ன எழுதினாரு?"

"எனக்கு அப்போ படிக்கத் தெரியாதே."

பழநி, முருகன், வேலு, தண்டபாணி, ஆறுமுகம், சுப்பிரமணியம். அத்தையும் நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். எதைச் சொன்னாலும் அத்தை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்து, "இருக்கும்" என்றார்.

அதனால்தான் இந்த அவையின் வாசலில் மேசை மேல் ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கியது, சிவப்பு அட்டை. பெயர், தோட்டம், போன ஆண்டு, வந்தாரா வரவில்லையா, சொன்னவர் யார் என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். பாதிதான் தெரியும் என்றால் பாதியை எழுதுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், கோடு போட்டு அடைக்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்று இரவே தொலைபேசியில் கேளுங்கள். முதல் வரியில் நான் எழுதிவிட்டேன். பெயர்க் கட்டத்தில், பழநியில் நிற்கிறவர் பேர் என்று எழுதியிருக்கிறேன். அடைப்பதற்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையாக வாருங்கள். பலகாரம் அந்தப் பக்கம் இருக்கிறது, ஆறாது.